கணக்கில் வராத மூக்குக்கண்ணாடி

"தள்ளுங்க... தள்ளுங்க... ஐயோ, ரெண்டு பேர் போயிட்டாங்க!"

எட்டடிப் பலகையைத் தலைமேல் சுமந்து போனவன் அப்படியே நின்றுவிட்டான். கத்துவது யார் என்று பார்க்க உடம்பைத் திருப்பினான். பலகையும் கூடவே திரும்பியது. பூட்டிக் கிடந்த கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவளின் கையிலிருந்த நோட்டைத் தட்டிவிட்டது. நோட்டு நேராகப் போய் மழைத் தண்ணீரில் விழுந்தது.

அப்புறம்தான் அவள் கண்களைப் பார்த்தான். கோபத்தில் இருந்த கண்கள்தான். ஆனாலும்... அவன் பிழைப்பே அளவெடுப்பது. சுவரையும் கதவையும் ஒரு பார்வையில் இத்தனை அங்குலம் என்று சொல்லிவிடுவான். எந்நேரமும் இடுப்பில் டேப்போடு திரிவதால் பட்டறையில் அவனுக்குப் பெயரே 'டேப்பு' தான். அந்தக் கண்களை மட்டும் எதை வைத்து அளப்பது என்று தெரியாமல் திருதிருவென முழித்தான்.

"என்ன பார்க்கறீங்க? நோட்டை எடுத்துக் குடுங்க!"

"தலையில பலகை இருக்குங்க..."

"அப்போ தள்ளியாவது நில்லுங்க. மூணாவது ஆளும் போயாச்சு."

"எந்த ஆளு?"

"கண்ணாடி போட்ட ஆளு!"

பலகையை இறக்கி வைத்துவிட்டு, நோட்டை எடுத்துச் சட்டையிலேயே துடைத்துக் கொடுத்தான். பக்கம் முழுக்கக் குச்சி குச்சியாகக் கோடுகள். கண்ணாடி போட்டவர் ஒருவர் தெருவில் போனால் ஒரு கோடு.

எட்டு வருஷமாக யாரோ ஒருவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள் அவள். சேர்த்து வைத்த சம்பளத்தில் சொந்தக் கடை போடப் போகிறாள். எந்த ஊரில் என்பதுதான் கேள்வி. மூன்று ஊர்களில் இடம் பார்த்து வைத்திருந்தாள். மலையூரில் வாடகை பாதிதான். தெருவில் ஆள் நடமாட்டம் அதைவிடக் குறைவு. துறைமுக ஊரில் வாடகையும் நடுத்தரம், கூட்டமும் நடுத்தரம். அண்ணியின் பிறந்த வீடு அங்கேதான் என்பதால் அண்ணனின் ஓட்டு அதற்கு. இந்த ஊரில் கூட்டம் உண்டு, ஆனால் வாடகையைக் கேட்டால் நெஞ்சை அடைக்கும். அதனால் ஒவ்வோர் ஊரிலும் கடை வாசலில் நாலு நாள், காலை பத்திலிருந்து ஒரு மணி வரை உட்கார்ந்து எண்ணிவிடுவது என்று முடிவு. மற்ற இரண்டு ஊரும் ஆகிவிட்டன. இது கடைசி ஊர். தவறான ஊரில் கடையைத் திறந்தால் எட்டு வருஷமும் தண்ணீரில் போன மாதிரிதான்.

"நானும் கண்ணாடி போட்டிருக்கேனே... என்னைச் சேர்த்தீங்களா?" என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மூக்கின் மேலிருந்ததை மட்டும் பார்த்தாள். "இடது பக்கம் சாஞ்சிருக்கு. காதுகிட்ட நூல் வேற கட்டியிருக்கீங்க. கண்ணாடிய இப்படியா வெச்சிருப்பாங்க?" என்று சொல்லிக்கொண்டே ஒரு கோடு போட்டாள்.

ஒரு கோடுதான். ஆனால் அவனுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

எதிர்வரிசையில் புதிதாக வரப்போகும் மருந்துக்கடைக்கு அலமாரி அடிக்கிற வேலை அவனுக்கும் அவன் தாய்மாமனுக்கும். ஆணிக்கடை தெருக்கோடியில். அங்கே போக வேண்டுமென்றால் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். கீல் வாங்கப் போனான். கீலுக்குத் திருகாணி வாங்கப் போனான். தப்பான திருகாணி என்று மாற்றப் போனான்.

"ஏன் மாப்ளே," என்றார் மாமா, உளியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஆணியை ஒவ்வொண்ணாத்தான் விக்கறானா அந்தக் கடைக்காரன்?"

"இல்ல மாமா... மறந்துடுது."

"மறக்கும் மறக்கும். எனக்கும் உங்க அத்தையைப் பார்த்த புதுசுல பசியே மறந்துச்சு."

இரண்டாம் நாள் மழை வலுத்தது. ஆணிக்கடையிலிருந்து திரும்பும்போது அவளுக்கும் ஒரு டீ வாங்கி வந்தான். அவள் வாங்கிக்கொண்டாள், ஆனால் கண் தெருவை விட்டு நகரவில்லை. மழைத்துளி ஒன்று இமையில் வந்து உட்கார்ந்தது. அதைக்கூடத் துடைக்காமல் எண்ணிக்கொண்டிருந்தாள்... இவனுக்கு டீ ஆறிப்போனதே தெரியவில்லை.

மூன்றாம் நாள் செலவுக் கணக்கையும் காட்டினாள். வாடகை, முன்பணம், போர்டு, விளக்கு, அலமாரி என்று மூன்று ஊருக்கும் தனித்தனியாக அழகாக எழுதியிருந்தாள்.

"துறைமுக ஊர்ல ஷட்டருக்கு ஒரு தடவைதான் எழுதியிருக்கீங்க?"

"ஷட்டர் ஒரு தடவைதானே போடுவாங்க?"

"அந்த ஊர்ல மூணு கடைக்கு நான் வேலை செஞ்சிருக்கேங்க. உப்புக்காத்து. வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கணும், கீல் மாத்தணும். ஃப்ரேம்ல இருக்கற குட்டித் திருகாணிய அந்தக் காத்து சும்மா விடுமா? மலையூர்னா ஈரத்துல பலகை ஊதிடும். பலகைக்குப் பதிலா அலுமினியம்தான் போடணும்."

அவள் எழுத எழுத, கண்கள் விரிந்தன. கூட்டிப் பார்த்தாள். பெருக்கி, வகுத்துப் பார்த்தாள். "அட... அப்போ இந்த ஊருதான் ஜெயிக்குது! கொஞ்சம்தான்... ஆனா ஜெயிக்குது!" என்று சிரித்தாள். முதல் முறையாக அவனைப் பார்த்து.

"யாரு சொன்ன கணக்கு இது?"

பின்னால் குடையோடு அவள் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். துறைமுக ஊருக்குத் தங்கையைக் கையோடு அழைத்துப் போக வந்தவர். டேப்பை, தோளிலிருந்த மரத்தூளை, நூல் கட்டிய கண்ணாடியை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அலமாரி அடிக்கிறவன் கடை போடாதேன்னா சொல்லுவான்? அவனுக்கு வேலை வேணுமே..."

"அண்ணா!"

அவன் காலி டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கோபம் வந்தால்கூடப் பரவாயில்லை, மானம்தான் போனது.

நாலாம் நாள் ஆணிக்கடைக்குப் போக வேண்டி வந்தது. பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போனான். மாமா கூட அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை.

சாயங்காலம் கருவிகளைக் கட்டும்போதுதான் அவனுக்குச் சுருக்கென்றது. கண்ணாடி போட்டவன் ஒவ்வொரு தடவை போனாலும் ஒரு கோடு... முதல் நாள் பதினொன்று, அடுத்த நாள் பதிமூன்று... மூன்று நாளில் முப்பத்தாறு தடவையாவது அவளைத் தாண்டிப் போயிருப்பான். கொஞ்சம்தான் ஜெயிக்குது என்றாளே... அந்தக் கொஞ்சமே இவன்தானே!

"வாயை மூடிக்கிட்டு இருடா," என்றார் மாமா. "நாளைக்குக் காலையில அந்தப் பொண்ணு முன்பணம் குடுக்குது. இந்த ஊர்லயே இருக்கும். இதைத்தானே நீ வேண்டிக்கிட்டே?"

அதைத்தான் வேண்டிக்கொண்டான். ஆனால் எட்டு வருஷச் சம்பளத்தை ஒருத்தி எடுத்து நீட்டும்போது, அது பொய்க் கணக்கு என்று தெரிந்தும் சும்மா இருப்பதா? சொன்னால் அவள் போய்விடுவாள். அண்ணன் சொன்னது சரி என்றும் ஆகிவிடும்.

மறுநாள் பத்து மணிக்குக் கட்டிடச் சொந்தக்காரர் சாவிக்கொத்தோடு வந்துவிட்டார். ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளே அவளும் அண்ணனும் காகிதங்களோடு நின்றார்கள். அவள் பேனாவைத் திறந்தாள்.

"கையெழுத்து போடாதீங்க!"

குனிந்து உள்ளே வந்தவனுக்கு மூச்சு வாங்கியது.

"உங்க கணக்கு தப்புங்க. தப்பு என்னாலதான். அந்தக் கோட்டுல நிறைய... நான்தான். வேணும்னே போனேன், வந்தேன். மூணு நாள்ல முப்பத்தாறு தடவை. அதைக் கழிச்சிட்டா துறைமுக ஊருதான் முன்னாடி வரும். அண்ணன் நினைச்ச மாதிரி வேலைக்காக இல்லைங்க... அலமாரிய யார்கிட்ட வேணா குடுங்க. உங்களைப் பார்க்கத்தான் போனேன். அவ்வளவுதான்."

கட்டிடக்காரர் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"முப்பத்தாறு இல்ல," என்றாள் அவள். "முப்பத்தொம்பது."

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அங்கே தனியாக, ஓரமாக, வரிசை வரிசையாகக் கோடுகள். மேலே 'இடது சாய்ந்தது' என்று எழுதியிருந்தது.

"எட்டு வருஷம் கண்ணாடிக்கடையில இருந்திருக்கேன். முகம் மறக்கும், பேர் மறக்கும்... ஃப்ரேம் மறக்காது. ஒரு தலைக்கு ஒரு கோடுதான் என் கணக்கு. உங்களை முதல் நாளே சேர்த்தாச்சு. மீதியெல்லாம் இந்தப் பக்கம். கணக்குல வராது."

அவன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். ஒரு ராத்திரி முழுக்க நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதில் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

"அப்போ... இந்த ஊருதானா?"

"இந்த ஊருதான். அண்ணனும் ராத்திரியே ரெண்டு தடவை கூட்டிப் பார்த்துட்டார். துறைமுக ஊருக்குப் போன் போட்டு ஷட்டர் விஷயத்தையும் கேட்டுட்டார்."

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "முந்தாநாள் நான் பேசினது... மனசுல வெச்சுக்காதீங்க தம்பி. அலமாரிக்கு எவ்வளவு ஆகும், அதைச் சொல்லுங்க."

"கூலி வேணாங்க."

"கூலி வாங்காம வேலை செய்யறவனை வெளியாளா வெச்சுக்க முடியாதே..." என்று அவர் தங்கையைப் பார்த்தார். அவள் காது மடல் சிவந்தது. கட்டிடக்காரருக்குக் காற்று வாங்க வேண்டும் போலிருந்தது. அண்ணனையும் கூடவே இழுத்துக்கொண்டு வெளியே போனார்.

அவள் பையிலிருந்து சின்னக் குறடை எடுத்தாள். கேட்காமலே அவன் கண்ணாடியைக் கழற்றினாள். நூலை அறுத்தாள், புதுத் திருகாணி போட்டாள், கம்பியை விரல்களால் மெல்ல வளைத்தாள். அவனுக்கு எல்லாமே மங்கலாகத் தெரிந்தது. குரல் மட்டும் பக்கத்தில் கேட்டது.

"நாலாம் நாள் எத்தனை கோடு தெரியுமா?"

"நான் வரலையே..."

"உங்க பக்கத்துல சைபர். மத்தவங்க பக்கத்துலயும் பத்தொம்பதுதான். மத்த நாள்ல பாதி கூட இல்ல. அதனால அந்த நாளையே கணக்குல சேர்க்கல."

"மழையா இருக்கும்..."

"மழை இல்ல. தெரு நிறையக் கூட்டம். நான்தான் பார்க்கல." கண்ணாடியை அவன் மூக்கில் வைத்து, இரண்டு காதுக்கும் சரியாக மாட்டினாள். மங்கலெல்லாம் விலகி, அந்தக் கண்கள் தெளிவாக எதிரே நின்றன. "ஒரே ஒரு கண்ணாடியத் தேடிக்கிட்டு இருந்தேன்... மத்த எல்லாரையும் விட்டுட்டேன்."