ரெசின் குழாய்

அண்ணன் ஏரியில் விழுந்தார். உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்தத் துக்கம் ஆறும் முன்பே அண்ணி வேலைக்குத் திரும்பினார். குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. நாத்தனாரும் அண்ணியும் சண்டை போடாத ஒரே இடம் இதுதான் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். அன்று யாரும் கேலி செய்யவில்லை.

மதியமே மழை இருட்டிக்கொண்டு வந்தது. மற்றவர்கள் சீக்கிரமாகக் கிளம்பிவிட்டார்கள்.

அண்ணி நீளமான கண்ணாடிக் குழாயில் ரெசினை நிரப்பினார். கடுகைவிடப் பொடியான, தேன் நிற மணிகள். தண்ணீரில் கரைந்த உப்புகளை அவை பிடித்துக்கொள்ளும். ஈடாகத் தம்மிடம் இருப்பதை விட்டுவிடும். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. கடைசியில் அமிலம் ஊற்றினால் பிடித்ததெல்லாம் கீழே இறங்கிவிடும்.

அவர் ஊற்றியது ஏரித் தண்ணீர்.

அடியில் வைத்த குவளையில் சொட்டுச் சொட்டாக வடிந்தது. மணிகள் மேலிருந்து மெல்லக் கறுத்தன. பாசி நாற்றத்துக்குள்ளிருந்து இன்னொரு வாசனை எழுந்தது. அண்ணனின் சவர சோப்பு.

"உனக்கும் வருதா?" என்றார் அண்ணி.

"எது?"

"நடிக்காதே."

எனக்கும் வந்தது.

திடீரென்று மின்சாரம் போனது. சாம்பல் வெளிச்சத்தில், குழாயினுள் மணிகள் மேலே எழும்பித் தாழ்ந்தன. மறுபடி எழும்பின.

தூங்குகிறவரின் நெஞ்சு போல.

"குளிருதுடி..."

அண்ணன் குரல்.

கைப்பையை எடுத்தேன். "வாங்க அண்ணி, வீட்டுக்குப் போயிடலாம்."

"அவரை விட்டுட்டா?" அண்ணி அமிலப் புட்டியை எடுத்தார். "இதை ஊத்தினா வந்துடுவார்."

"குவளைக்குள்ளயா வருவார்? அண்ணி, கெஞ்சிக் கேக்கறேன்..."

ஊற்றிவிட்டார். கறுப்பு நிறம் அடிவரை இறங்கி அங்கேயே நின்றது. குழாயின் அடியிலிருந்த அடைப்பை முழுக்கத் திறந்தும் ஒரு சொட்டு விழவில்லை.

"வர முடியலடி. யாராவது உள்ள வரணும்."

அண்ணன் போனபின் முதன்முறையாக அண்ணி முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். கையைப் பிடித்து இழுத்தேன். நகரவில்லை, தரையில் வேர்விட்டவர்போல நின்றார். காவலாளியைக் கூட்டிவர ஓடினேன்.

நாங்கள் திரும்பியபோது அறையில் யாரும் இல்லை.

மேசையடியில் அண்ணியின் செருப்புகள் மட்டும் ஜோடியாகக் கிடந்தன. குழாயில் மணிகள் பளிச்சென்று தேன் நிறத்தில் இருந்தன. குவளை தளும்பிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. ஏரிக்கரையில் உடல் ஒதுங்கியிருக்கிறதாம். போய்ப் பார்த்தேன். அண்ணன்தான். அழுகல் இல்லை, வீக்கம் இல்லை. நெற்றியைத் தொட்டேன், சூடு இருந்தது.

"இப்பத்தான் உயிர் போயிருக்கு," என்றார் மருத்துவர். "கொஞ்சம் முன்னாடி பார்த்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

அண்ணியை ஏரியெங்கும் தேடினார்கள். கிடைக்கவில்லை. நான்தான் அண்ணனுக்குக் கொள்ளி வைத்தேன். ரெசினை எரித்தார்கள். குழாயைக் கழுவி, காயவைத்து, அலமாரியில் பூட்டினார்கள்.

நேற்று விளக்கு மாற்ற ஒருவர் வந்தார். ஊருக்குப் புதியவர், எதுவும் தெரியாது. அறையில் நாங்கள் இருவர்தான். ஏணியில் நின்றபடி அலமாரிப் பக்கம் திரும்பி, என்னைப் பார்த்தார்.

"மேடம், ஒரு அம்மா உங்களை உள்ள வரச் சொல்றாங்க."