நிறம் பார்த்துப் போட்ட கர்னல்

மழைக்கு ஒதுங்கத்தான் தப்ரேஸ் அந்த நூல் கடைக்குள் நுழைந்தான். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடி வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு சண்டை... நனைந்த துப்பட்டாவுக்குக் கீழே இரண்டு கண்கள் கோபத்தில் பளபளத்தன. கோபம்கூட இவ்வளவு அழகாக இருக்குமா?

அவள் மர்வா. ஆரி வேலை செய்கிறவள். திருமழிசையில் ரவிக்கைக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, கல்யாணப் புடவையை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புவார். அதைப் பார்த்து இவள் நூல் வாங்கி, வீட்டிலேயே ரவிக்கையில் பூப்போட்டுக் கொடுப்பாள். போன மாதம் நிறம் தப்பிப்போய் ஒரு ரவிக்கையை முழுக்கப் பிரிக்க வேண்டியிருந்தது. இன்னொரு முறை தப்பினால் வேலை கிடையாது என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்.

"புடவை இலைப்பச்சைதானே... நல்லா பாருங்க" என்று போனை நீட்டினாள்.

கடைக்காரர் அழகேசன் அதே படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லிப் பார்த்தார். "இன்னாம்மா நீ... என் போன்ல ராமர் பச்சையா கீது."

தப்ரேஸுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. போனுக்கு டிஸ்ப்ளே மாற்றினீர்களா என்று கேட்டான். மாற்றியிருந்தாள். மலிவான திரை, எல்லாமே மஞ்சளாகத் தெரிந்தது. தினமும் அழகேசனிடம் வந்து போன் கேட்க முடியுமா?

கர்னலை மாற்றினால் போதும் என்றான் அவன். திரை, பேட்டரி, கேமரா என்று எல்லாவற்றையும் உள்ளிருந்து இயக்குகிற மென்பொருள் அது. வேலை முடிந்து வந்தால் கர்னல் எழுதுவதுதான் அவன் பொழுதுபோக்கு. அவளுடையது பழைய போன். கர்னலை மாற்ற விடாத உள்பூட்டை முன்பு வைத்திருந்தவரே திறந்துவிட்டிருந்தார். நல்லதாகப் போயிற்று.

அவனுடைய மெமரி கார்டில் இரண்டு கர்னல்கள் இருந்தன. ஒன்று அவன் நண்பன் அருள்மொழி எழுதியது, அதில் திரையின் நிறத்தை நாமே திருத்தலாம். ஆனால் இப்போது அவனோடு தப்ரேஸுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. இன்னொன்று தப்ரேஸே எழுதியது. வேகம்... அப்படியொரு வேகம். தன்னுடையதையே போட்டான்.

போன் பறந்தது. மர்வா படத்தைத் திறந்தாள்.

"முன்னாடி மெதுவா தப்பு காட்டுச்சு... இப்ப வேகமா தப்பு காட்டுது."

அழகேசன் சிரித்துவிட்டார். தப்ரேஸின் காது சிவந்தது. வேகத்தின் அருமை தெரியாதவர்களிடம் என்ன சொல்வது என்று முணுமுணுத்தான். அவளுக்குச் சுருக்கென்றது.

"எனக்கு நிறம்தாங்க சோறு போடுது."

நூல்கூட வாங்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

பாரிவாக்கம் போகிற வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தை அவனை அரித்தது. வீட்டுக்குப் போனதும் வீம்பை விட்டு அருள்மொழியைக் கூப்பிட்டான். "இன்னா மச்சான், திடீர்னு பாசம்? யாருக்குடா?" என்று ஓட்டி எடுத்துவிட்டுத்தான் நிறம் திருத்தும் முறையை அவன் சொன்னான்.

மறுநாள் காலை கடையில் காத்திருந்தான். வருவாளா... வந்தாள். அவன் போனுக்காகக் கையை நீட்டினான். ஒரு கணம் யோசித்துவிட்டுப் போனைக் கொடுத்தாள்.

அருள்மொழியின் கர்னல் ஏறியது. திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கோடுகள். பக்கத்தில் அழகேசனின் போனை வைத்துக்கொண்டு அவன் மெல்ல மெல்ல நகர்த்தினான். அவள் குனிந்து பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம்... ஐயோ, ரொம்பப் போயிடுச்சு... திரும்புங்க... ம், அங்கதான்."

இரண்டு திரையிலும் ஒரே ராமர் பச்சை. அவள் முகம் மழை விட்ட வானம்போல் தெளிந்தது.

அவன் தொண்டையைச் செருமினான். "நேத்தே இது எங்கிட்ட இருந்துச்சுங்க."

"அப்புறம் ஏன் போடல?"

"செட்டிங்ஸ்ல பாத்தா கர்னல் எழுதுனவன் பேரு வரும். உங்க போன்ல என் பேரு இருக்கணும்னு... ஆசையா இருந்துச்சு. பாத்ததுமே பிடிச்சுப்போச்சுங்க."

மர்வா தலை நிமிரவில்லை. நூல்கண்டு விரலுக்குள் உருண்டது.

"அதுக்குப் போய் யாராவது கர்னல் மாத்துவாங்களா... நம்பர் குடுத்தா சேவ் பண்ணிக்க மாட்டேனா?"

நம்பரைத் திக்கித் திக்கிச் சொன்னான். அவள் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு எதையோ அடித்தாள்.

"என்ன பேர்ல போட்டீங்க?"

இந்த முறை அந்தக் கண்கள் நேராக அவனைப் பார்த்தன.

"நிக்காஹ் முடிஞ்சதும் காட்டுறேன்."