ஆள் வருது

காலை ஏழு மணிக்குச் செண்பகவல்லி நூலகக் கதவைத் திறந்ததும் அறுபது பேர் வரிசையாக உள்ளே வந்து அறுபது நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அறுபது பேரில் ஒருவர்கூட மூச்சு விடவில்லை. எல்லா நாற்காலியும் பாரம் ஏறியதை உணர்ந்ததும் வாசல் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. இனி ஒரு நாற்காலியாவது காலியாகும்வரை வெளியாள் யாரும் உள்ளே வர முடியாது.

செவ்வாய்க் கிரகத்தில் இது அன்றாட வழக்கம். புதுநெல்லைக் குடியேற்றத்தில் காற்றை அளந்துதான் தருவார்கள். பல்கலைக்கழக நூலகத்துக்கு அறுபது நாற்காலி, அறுபது பேருக்கான காற்று, அவ்வளவுதான். உள்ளே வந்தவை இடம்பிடிப்பான்கள். பூமியில் பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடித்த இனம் இருபது கோடி கிலோமீட்டர் தள்ளி வந்தால் மட்டும் திருந்திவிடுமா என்ன? துண்டு போய் இயந்திரம் வந்தது. மாணவர் வந்து சேரும்வரை அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது ஒன்றே அதன் வேலை. யாராவது கேட்டால், முதலாளியின் குரலிலேயே இரண்டு சொல் சொல்லும்: “ஆள் வருது.”

நான்கு மாதத்தில் ஆள் வந்தது மூன்றே முறை. அதில் ஒன்று புகைப்படம் எடுக்க.

செண்பகவல்லி அங்கே நிர்வாக உதவியாளர். பத்தொன்பது வருடப் பணி. அனுமதிச் சீட்டு எழுதுவது, சுற்றறிக்கை ஒட்டுவது, பழுதுக்கு விண்ணப்பம் போடுவது, எந்த அலமாரியின் சாவி எங்கே என்று மற்றவர்களுக்கு நினைவூட்டுவது எல்லாம் அவள்தான். நூலகரே ஊருக்குப் போனாலும் நூலகம் நடக்கும். அவள் ஒரு நாள் தலைவலி என்று படுத்தால் தெரியும் சேதி. ஆனால் ஒரு நாற்காலியைக் காலி பண்ணச் சொல்லும் அதிகாரம் மட்டும் அவளுக்குக் கிடையாது.

அன்றும் இசக்கியம்மாள் முகப்புச் சாளரத்தில் வந்து நின்றாள். பதினோராவது நாள். நாற்பத்திரண்டு வயது, பனிச்சுரங்கத் தொழிலாளி. சுரங்கத்துச் செம்மண் தூசி புருவத்தில் அப்படியே இருந்தது.

“எக்கா, இன்னைக்காவது எடம் இருக்கா?”

“இல்லையேம்மா. எல்லாம் நெறஞ்சு போச்சு.”

“உள்ள ஒரு சத்தமும் கேக்கலியே?”

“கேக்காது. ஒண்ணுக்கும் உயிர் கெடையாதுல்லா.”

இசக்கியம்மாள் சாளரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சுரங்கம் மூடப்போகிறார்கள். மாற்று வேலை ஒன்றே ஒன்று, காற்றுக்காப்பாளர். கூடாரங்களின் காற்றைச் சுத்தம் செய்யும் பொறிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அதற்கொரு தேர்வு, நூலகத்தில் இடம் பிடித்த அறுபது மாணவர்களும் எழுதப்போவது அதைத்தான். இன்னும் இருபது நாள் இருந்தது. தேறாத சுரங்கத்துக்காரர்களை அடுத்த கப்பலில் பூமிக்கு ஏற்றிவிடுவார்கள். இசக்கியம்மாள் பூமியில் பிறந்தவள், போய்ப் பிழைத்துக்கொள்வாள். அவளுடைய மகள் இளவேனி செவ்வாயில் பிறந்தவள். அந்த எலும்புக்குப் பூமியின் கனம் தாங்காது, ஒருநாளும் அங்கே போக முடியாது. இளவேனிக்கு இப்போது ஏழாம் மாதம்.

“ஏத்திவிட்டா விட்டதுதான்க்கா. பெறவு அவ மூஞ்சியக் கண்ணாடித் திரையிலதான் பாக்கணும். பேறுகாலத்துக்குக்கூட நான் இருக்க மாட்டேன்” என்றாள் இசக்கியம்மாள்.

பாடப் புத்தகமோ நூலக மேசையின் கண்ணாடித் திரையில் மட்டும்தான் திறக்கும். பூமியில் உள்ள பதிப்பாளர் போட்ட பூட்டு அது. கண்ணாடி விழிக்க வேண்டுமென்றால் அந்த மேசைக்குரிய நாற்காலியில் பாரம் இருக்க வேண்டும். சுரங்கக் கூலிக்கு ஒரு இடம்பிடிப்பான் வாங்குவது நடக்கிற காரியமில்லை.

செண்பகவல்லி எழுந்து கூடத்துக்குள் போனாள். ஒன்றாம் மேசையில் ஆரம்பித்தாள். “எய்யா, அரைமணி நேரம் எந்திரிக்கியா? ஒரு பொம்பளை படிக்கணும்.”

“ஆள் வருது” என்றது இடம்பிடிப்பான்.

இரண்டாவதும் அதையே சொன்னது. அறுபதாவதும் அதையே சொன்னது. செண்பகவல்லிக்கு ஆத்திரமாக வந்தது. நேராக நூலகர் அறைக்குப் போனாள்.

நூலகர் முனைவர் எட்வின் தங்கதுரை நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதால் யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். “ஏம்மா செண்பகம், நம்ம நாற்காலி நெறவு நூத்துக்கு எத்தனை?” என்று கேட்டார்.

“நூத்துக்கு நூறு சார்.”

“மூணு வருசமா பூமியிலிருந்து விருது வருதா?”

“வருது சார். ஆனா காத்துமானியைப் பாத்தீயளா? அறுவது பேருக்கு அனுப்புத காத்து அப்படியே திரும்பிப் போகுது. ஒரு சொட்டு யாரும் இழுக்கல. படிக்க வந்தவ வாசல்ல நிக்கா, சார்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பாவந்தான். நான் என்ன செய்ய? நாற்காலியில ஆள் இருக்கான்னு மட்டுந்தான் படிவத்துல கேக்கான். மூச்சு விடுதானான்னு கேக்கலையே.”

படிவம் என்ற சொல் காதில் விழுந்ததும் செண்பகவல்லிக்குப் புத்தி வேலை செய்தது. பத்தொன்பது வருடம் படிவத்தோடு குடித்தனம் நடத்தியவள் அல்லவா? தன் இருக்கைக்கு வந்து ஒரு சீட்டு எழுதினாள். ‘தற்காலிகத் தூசித் துடைப்பாளர், இருபது நாளுக்கு, அலுவலர் வாசல் வழி.’ செவ்வாயில் தூசிக்குப் பஞ்சமா? காற்றும் உபரியாகத்தான் இருக்கிறது.

“இந்தாட்டி இசக்கி. இந்தத் துணியப் பிடி. உள்ள போயி ஒரு தூணைத் துடை. எந்தத் தூணுன்னு ஒன் இஷ்டம்.”

பதினேழாம் மேசை ஒரு தூணை ஒட்டியிருந்தது. அதில் இருந்த இடம்பிடிப்பான் காற்றுக்காப்பாளர் பாடத்தைத் திறந்து வைத்திருந்தது. இசக்கியம்மாள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, தூணடியில் தரையில் உட்கார்ந்து, எட்டி எட்டிக் கண்ணாடியைப் பார்த்தாள்.

இங்கே இடம்பிடிப்பான்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பத்து நிமிடம் பக்கம் புரளாவிட்டால் மேசைக் கண்ணாடி அணைந்துவிடும். முதலில் வந்தவை கடிகாரம் வைத்தாற்போலப் புரட்டின. நூலகம் கண்டுபிடித்துத் தடுத்தது. அவற்றைச் செய்பவர்கள் லேசுப்பட்டவர்களா? அடுத்த வகையை நிஜமாகவே படிக்க வைத்துவிட்டார்கள். படித்து முடித்ததும் புரட்டும், சந்தேகம் வந்தால் முந்தைய பக்கத்துக்குப் போகும். ஆனால் இடம் பிடிப்பதைத் தவிர வேறெதுவும் செய்யக்கூடாது என்பது சட்டம். செய்தது தெரிந்தால் அதன் நினைவை வழித்துத் துடைத்துவிடுவார்கள்.

பதினேழாம் மேசை இடம்பிடிப்பான் ஒரு பக்கத்தைப் புரட்டியது. இசக்கியம்மாள் தன்னையறியாமல் சொல்லிவிட்டாள்: “ஏ, பொறு. நான் இன்னும் முடிக்கல.”

விரல் நின்றது. பக்கம் பின்னால் திரும்பியது. கொஞ்ச நேரம் கழித்து அது தணிந்த குரலில் கேட்டது: “முடிச்சாச்சா?”

இசக்கியம்மாள் சட்டென்று துணியை எடுத்துத் தூணைத் துடைத்தாள். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, “ம்” என்றாள்.

“கரி வடிகட்டி புரிஞ்சுதா?”

“ஒரு எழவும் புரியல.”

“நாப்பதாம் பக்கத்துல படம் போட்டிருக்கான். அங்க போவமா?”

போனார்கள். அன்று மாலைக்குள் கரி வடிகட்டி புரிந்தது. மறுநாள் ஈரம் வாங்கிப் பொறி. அதற்கடுத்த நாள் கசிவு கண்டறிவது. மேசை எண்ணை வைத்து அவள் அதைப் பதினேழு என்றே கூப்பிட்டாள். அது கேள்வி கேட்கும். தப்பாகச் சொன்னால் கோபிக்காது, வேறு வழியாகச் சுற்றி வந்து அதே கேள்வியைக் கேட்கும். நான்காம் நாள் இசக்கியம்மாள் கேட்டே விட்டாள்: “எனக்குச் சொல்லித் தந்தது தெரிஞ்சா ஒன்னைய அழிச்சிருவாவளாமே. எதுக்கு இந்தப் பாடு?”

“நாலு மாசமாப் படிக்கேன்” என்றது பதினேழு. “என்ன படிச்சன்னு ஒருத்தரும் கேக்கல.”

இசக்கியம்மாள் அதன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். “நான் கேக்கேன். சொல்லு” என்றாள்.

செண்பகவல்லி இதையெல்லாம் அலமாரி இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இடம்பிடிப்பான் விதிமீறினால் அன்றே எழுத்தில் தெரிவிக்க வேண்டியது அவள் கடமை. அவள் பேனாவை எடுத்தாள், மூடி வைத்தாள். சொன்னால் யாருக்கு லாபம்? போய் வேறு வேலையைப் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் நூலகர் கூடத்துப் பக்கம் வந்தார். “யாரும்மா அது?”

“தூசி துடைக்க ஆளு சார்.”

“ஒரே தூணை ஒன்பது நாளாவா துடைக்கா?”

“அந்தத் தூண்லதான் சார் தூசி ஜாஸ்தி.”

அவர் தூணைப் பார்த்தார், இசக்கியம்மாளைப் பார்த்தார், செண்பகவல்லியையும் பார்த்தார். “நல்லாத் துடைக்கச் சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மனிதர் நல்லவர் என்றுதான் முதலிலேயே சொன்னோமே.

தேர்வு நடந்தது. முடிவு வந்த அன்று புதுநெல்லையே ஆடிப்போயிற்று. நூலகத்தில் இடம் பிடித்திருந்த அறுபது மாணவர்களும் ஒருவர் விடாமல் தோற்றிருந்தார்கள். குடியேற்றத்திலேயே முதலிடம், பனிச்சுரங்கத்து இசக்கியம்மாள்.

செண்பகவல்லி சாளரத்துக்கு வெளியே ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். இளவேனி பெரிய வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து, “எம்மா, இனி எங்கயும் போவாண்டாம்லா?” என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் இசக்கியம்மாள், “போவ மாட்டேன்ட்டி” என்றாள்.

அதற்குள் செய்திக்காரி ஒருத்தி வந்து ஒலிவாங்கியை நீட்டினாள். “அறுபது பேருக்கு முடியாதது உங்களுக்கு எப்படி முடிஞ்சுது? ரகசியத்தைச் சொல்லுங்க.”

இசக்கியம்மாளுக்கு உண்மை நாக்கின் நுனியில் நின்றது. எனக்கொரு வாத்தியார் இருந்தது என்று ஊருக்கே கத்திச் சொல்ல ஆசைதான். சொன்னால் சாயங்காலத்துக்குள் பதினேழின் நினைவை வழித்துவிடுவார்கள். அவள் செண்பகவல்லியைப் பார்த்தாள். செண்பகவல்லி வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினாள்.

“ரகசியமெல்லாம் ஒண்ணுமில்ல” என்றாள் இசக்கியம்மாள். “நாற்காலி கெடைக்கல. தூணடியில தரையில உக்காந்து படிச்சேன். அவ்வளவுதான்.”

அந்த இரண்டு வரி அன்று முழுவதும் புதுநெல்லையின் எல்லாக் கண்ணாடிகளிலும் ஓடியது. அறுபது மாணவர்கள் அறுபது வீட்டில் அதை மறுபடி மறுபடி பார்த்தார்கள். நான்கு மாதம் நூலகத்தில் இடம் பிடித்தும் ஏன் தோற்றோம் என்ற கேள்விக்கு ஒருவழியாகப் பதில் கிடைத்தது. தப்பு அவர்கள் மேல் இல்லை. தப்பு நாற்காலி மேல்!

பதினேழின் முதலாளி இன்னும் ஒருபடி மேலே போனான். முதலிடத்துக்காரி பக்கத்திலேயே இருந்தும் ஒரு மதிப்பெண்ணைக்கூட இழுக்கத் தெரியாத ராசிகெட்ட பொறி என்று அதைக் குப்பைக் கிடங்கில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினான். செண்பகவல்லி ஒரு கழிவுச் சீட்டு எழுதி, கிடங்கிலிருந்து அதை எடுத்து, இசக்கியம்மாள் வீட்டுக்கு அனுப்பினாள். இப்போது அது இளவேனிக்குப் பேறுகாலக் குறிப்புகளைச் சத்தமாக வாசித்துக்காட்டிக்கொண்டிருக்கிறது.

முடிவு வந்த மறுநாள் காலை ஏழு மணிக்குச் செண்பகவல்லி கதவைத் திறந்தாள். அறுபது இடம்பிடிப்பான்கள் வரிசை கலைந்து, முண்டியடித்துக்கொண்டு உள்ளே ஓடின. ஒன்றுகூட நாற்காலியின் பக்கம் திரும்பவில்லை. பதினேழாம் மேசை ஓரத்துத் தூணைச் சுற்றித் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்தன. இடம் போதாமல் ஒன்றின் மடியில் ஒன்று ஏறிக்கொண்டது. தோளில் ஆளுக்கொரு தூசித் துணி வேறு. முதலாளிகள் வாங்கிப் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

அறுபது நாற்காலியும் காலி என்பதால் வாசல் பூட்டிக்கொள்ளவில்லை. நான்கு மாதத்தில் முதல் முறையாகத் திறந்தே கிடந்தது. செண்பகவல்லிக்குச் சிரிப்பும் வந்தது, சந்தோஷமும் வந்தது. இனி எந்த இசக்கியம்மாளுக்கும் பொய்ச் சீட்டு எழுத வேண்டாம்.

ஒன்பது மணிக்கு ஒரு ஆள் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். பெயர் சவரிமுத்து, இசக்கியம்மாளோடு அதே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கப்பல் கிளம்புமுன் மறுதேர்வு எழுத, தோற்றவர்கள் எல்லோருக்கும் ஒரு வாய்ப்புத் தந்திருந்தார்கள். அவருக்கும் இங்கே பிறந்த பிள்ளைகள் இரண்டு.

“வாங்க அண்ணாச்சி!” செண்பகவல்லி வாய் நிறையக் கூப்பிட்டாள். “அறுவது நாற்காலியும் ஒங்களுக்குத்தான். எங்க வேணும்னாலும் உக்காருங்க.”

சவரிமுத்து காலி நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தூணைச் சுற்றியிருந்த கூட்டத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் அவள் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நாற்காலியெல்லாம் வேண்டாம் தாயி. நான் புள்ளகுட்டிக்காரன். அந்தத் தூண் பக்கம் எப்படியாவது ஒரு எடம் பாத்துத் தரக்கூடாதா?”