ஏழு வரியா, பதினாலு வரியா?

ருதைனா மேசையில் குத்திய குத்தில், கிண்ணத்திலிருந்த ஊறுகாய் கேரட் ஒன்று துள்ளித் தரையில் விழுந்தது.

"பொய்! பச்சைப் பொய்!"

அடுக்களையில் பூண்டு நசுக்கிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடி ஆச்சு?"

"போட்டி முடிவு வந்துடுச்சும்மா."

"பரிசு இல்லையா? அதுக்கா மேசைய உடைக்கறே?"

"பரிசு கெடக்கட்டும். என்னைத் திருடின்னு சொல்லிட்டாங்க!"

அப்பாவின் பழைய கணினித் திரையில் 'மைப்புட்டி' திறந்திருந்தது. பதின்மூன்று வயது வரை உள்ள பிள்ளைகள் கதையும் கவிதையும் எழுதிப் போடும் இணையதளம் அது. மொராக்கோவிலிருந்து ஓமான் வரை பல ஊர்ப் பிள்ளைகள் அதில் எழுதுகிறார்கள். இந்த முறை கவிதைப் போட்டிக்கு நாற்பத்தி மூன்று கவிதைகள் வந்திருந்தன.

ருதைனாவின் கவிதைக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு முத்திரை விழுந்திருந்தது. 'சந்தேகம்.'

அதற்குக் கீழே நடுவரின் கருத்து. நடுவர் பெயர் மைஸ், ஊர் இர்பித், வயது பதினேழு.

'முதல் ஏழு வரிகளும் கேள்விகள். எதற்கும் பதில் இல்லை. அடுத்த ஏழு வரிகளும் பதில்கள். எதற்குப் பதில் என்று தெரியவில்லை. இரண்டு வேறு கவிதைகளிலிருந்து எடுத்து ஒட்டியதுபோல் இருக்கிறது. எனவே போட்டியிலிருந்து விலக்குகிறோம்.'

"நான் எழுதினதே ஏழு வரிதான்! பதினாலு எங்கேர்ந்து வந்துச்சு? இந்த அக்காவுக்கு எண்ணக்கூடத் தெரியாதா?"

ருதைனாவின் அண்ணன் ஷாதிக்குப் பதினைந்து வயது. அவன் குனிந்து கேரட்டை எடுத்து, ஊதி, வாயில் போட்டுக்கொண்டான்.

"விடு, மகாகவியே. நாற்பத்தி மூணு பேர்ல நாற்பத்தி மூணாவது. அதுவும் ஒரு இடம்தானே?"

ருதைனா எறிந்த அழிப்பான் அவன் காதை உரசிக்கொண்டு போனது.

விஷயம் அதோடு முடியவில்லை. வெள்ளி, சனி விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒலிபரப்பில், கொடி ஏற்றியதும், ருதைனாவின் கவிதையை மொத்தப் பள்ளிக்கும் வாசிக்கப் போவதாக ஆசிரியை சொல்லியிருந்தார். அதற்காக அவர் 'மைப்புட்டி'யைத் திறந்தால் முதலில் கண்ணில் படப்போவது அந்த முத்திரைதான்.

இன்று வியாழன். தீர்ப்பை எதிர்ப்பவர்கள் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் எழுத வேண்டும். ஒருவருக்கு ஒரே மனு, அதில் ஒரே ஒரு படம். அதுதான் 'மைப்புட்டி'யின் விதி.

ருதைனா உடனே தட்டச்சு செய்தாள்.

'மைஸ் அக்கா, நீங்கள் என் கவிதையைக் கண்ணால் படித்தீர்களா, காலால் படித்தீர்களா?'

பின்னால் நின்று படித்த ஷாதி விழுந்து விழுந்து சிரித்தான். "அனுப்பு, அனுப்பு! அடுத்த முத்திரை செவப்பு நிறத்துல வரும்."

"நீ போறியா இல்லையா?"

"இருக்கறது ஒரே மனு. அதையும் திட்டறதுக்கே செலவு பண்ணப் போறியா?"

அவன் சொன்னது சரி என்று தெரிந்ததும் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. கணினியை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். பள்ளி விட்டு வந்த பசி இருந்தும் அம்மா வைத்த கீரையைத் தொடவே இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இரவுச் சாப்பாட்டுக்கு மீன் வாங்க அம்மா மதியத்துக்குப் பிறகு இருவரையும் அக்கரைக்கு அனுப்பினாள். அவர்கள் ஊரான போர்ட் ஃபுவாதிலிருந்து கால்வாயின் மறு கரையில் இருக்கும் போர்ட் சயீதுக்குப் படகில் பத்து நிமிடம்கூட ஆகாது. கால்வாயில் பெரிய கப்பல் ஏதாவது குறுக்கே வந்தால்தான் நேரமாகும். அன்று வந்தது. படகு காத்து நின்றது.

ஷாதிக்குப் பொழுது போகவில்லை. போனை எடுத்தான்.

"மக்களே! இதோ உலகப் புகழ்பெற்ற கவிஞர் ருதைனாவின் கவிதை!"

"வேண்டாம் ஷாதி. எல்லாரும் பாக்கறாங்க."

பக்கத்தில் கோழிக்கூண்டோடு நின்ற ஒரு பெண்மணி சிரித்தார். "படிக்கட்டும்மா. கோழிகளும் கேக்கட்டும்."

ஷாதி மேடைக் குரலில் ஆரம்பித்தான்.

"கப்பலே, உன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது? கடல்புறாவே, ஏன் எங்கள் பின்னால் வருகிறாய்? படகே, தினமும் போய்வந்து சலிக்கவில்லையா? காற்றே, உன் வீடு எங்கே..."

"நிறுத்து!" ருதைனா கத்தினாள். "ஏன் பதிலை விட்டுட்டுப் படிக்கறே?"

"எந்தப் பதில்?"

"கப்பல் பதில் சொல்லும்ல? 'வேறு ஊர்க் குழந்தைகளின் காலணிகள்'னு. கடல்புறா, 'உன் கையில் ரொட்டி இருக்கிறதே'ன்னு சொல்லும். படகு, 'இரண்டு கரையும் என்னைத் தேடுமே'ன்னு சொல்லும்!"

"அதெல்லாம் கீழ கிடக்கு. மொதல்ல ஏழு கேள்வி. அப்புறம் ஏழு பதில். வல்லாஹி, சத்தியமா சொல்றேன், நீயே பாரு."

அவள் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். அவன் சொன்னது உண்மை.

அவள் எழுதியது இப்படி இல்லை. பாடப்புத்தகத்தில் பழைய கவிதைகள் எப்படி இருக்குமோ அப்படித்தான் எழுதியிருந்தாள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு பாதி. அவர்கள் மொழியை வலமிருந்து இடமாகப் படிப்பதால் முதல் பாதி வலப்பக்கம், மறுபாதி இடப்பக்கம், நடுவில் ஓர் இடைவெளி. கணினியில் இரண்டு கட்டம் போட்டு, வலப்பக்கக் கட்டத்தில் கேள்விகளையும் இடப்பக்கக் கட்டத்தில் பதில்களையும் அழகாக அடுக்கியிருந்தாள். கேள்வி ஒரு கரை, பதில் மறு கரை, நடுவில் கால்வாய்.

போனின் திரை குறுகலானது. இரண்டு கட்டங்களுக்கு அதில் இடம் இல்லை. அதனால் வலப்பக்கக் கட்டத்தை முழுசாக மேலேயும், இடப்பக்கக் கட்டத்தை முழுசாகக் கீழேயும் போட்டுவிட்டது.

"ஏழு வரி பதினாலு ஆனது இப்படித்தான்!" ருதைனா குதித்தாள். படகு லேசாக ஆடியது. "அந்த அக்கா போன்ல படிச்சிருக்காங்க! ஒரு கவிதைய நடுவால பிளந்து போட்டுட்டு என்னைத் திருடிங்கறாங்க. இன்னிக்கு இருக்கு அவங்களுக்கு!"

மீனை வாங்கிய வேகத்தில் மீதிச் சில்லறையைக்கூட வாங்க மறந்தாள். திரும்பும் படகில் மனுவை மனதுக்குள் எழுதிக்கொண்டே வந்தாள். 'ஒழுங்காகப் படிக்காமல் தீர்ப்புச் சொல்வது நியாயமா? ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே? ஒரு பிள்ளையின் கவிதையை இப்படியா...'

சட்டென்று அந்த வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

'மைப்புட்டி'யில் ஒரு வழக்கம் உண்டு. போட்டியில் சேரும் ஒவ்வொருவரும் வேறு மூன்று பேரின் கவிதைகளுக்குக் கருத்து எழுத வேண்டும். மூன்று வாரத்துக்கு முன் ருதைனாவும் எழுதினாள். கணினியில் அப்பா கணக்குப் பார்த்துக்கொண்டிருந்ததால், அம்மாவின் போனில் படித்து எழுதினாள்.

அதில் ஒரு கவிதை, ஏமனிலிருந்து 'மாதுளைவிதை' என்ற புனைபெயரில் ஒன்பது வயதுக் குழந்தை எழுதியது. முதலில் ஜன்னல், பூனை, நண்பன் என்று என்னென்னவோ வந்தது. பிறகு எல்லா வரியும் 'இப்போது, இப்போது' என்றே தொடங்கியது.

அதற்கு அவள் எழுதிய கருத்து அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. எழுதியபோது தானே ரசித்துச் சிரித்ததும் நினைவிருந்தது.

'ஒரே சொல்லைப் போட்டு வரிகளை நிரப்பியிருக்கிறாய். எழுத ஒன்றும் கிடைக்காவிட்டால் சும்மா இருக்கலாமே!'

"என்ன திடீர்னு வாயடைச்சுப் போச்சு?" என்றான் ஷாதி.

"பேசாதே. மீன் நாறுது."

வீட்டுக்குள் நுழைந்ததும் மீன் பையை அம்மா கையில் திணித்துவிட்டுக் கணினியை இயக்கினாள். பட்டியலில் மாதுளைவிதையின் கவிதை இல்லை. தேடிப் பார்த்தாள். எழுதியவரே விலக்கிக்கொண்ட கவிதைகளைப் போட்டுவைக்கும் மூலையில் அது கிடந்தது. விலக்கிய தேதி, அவள் கருத்து எழுதிய அதே நாள்.

திறந்தாள். பெரிய திரையில் அது இரண்டு கட்டமாக விரிந்தது. வலம், இடம். வலம், இடம்.

'ஜன்னலைத் திறந்தால் மாதுளை மரம். இப்போது இன்னொரு ஜன்னல்.
கதவைத் தட்டும் பக்கத்து வீட்டுப் பூனை. இப்போது யாரும் தட்டுவதில்லை.
பெயர் சொன்னால் ஓடிவருவான் நண்பன். இப்போது என் குரல் மட்டும் வருகிறது.'

ஷாதி இந்த முறை சிரிக்கவில்லை. "வீடு மாறிப்போன பிள்ளை போல" என்றான் மெதுவாக. பிறகு கீழே இருந்த கருத்தைப் பார்த்தான். "இது யாரு எழுதினது? மனசாட்சியே இல்லாத... ஓ."

"ஆமா. நான்தான்." ருதைனாவின் முகம் சிவந்திருந்தது. நேற்று முழுவதும் மைஸ் மீது இருந்த கோபம் இப்போது திரும்பி அவள் மீதே பாய்ந்தது. "அந்த அக்காவாவது காரணம் சொன்னாங்க. நான் கிண்டல் பண்ணினேன்."

வெளியே வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

"சரி, மொதல்ல உன் முத்திரைய அழிக்கற வழியைப் பாரு" என்றான் ஷாதி. "கணினியையும் என் போனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, அம்மா போன்ல ஒரு படம் எடுப்போம். ரெண்டுலயும் உன் கவிதை. பாத்ததும் புரிஞ்சுடும்."

ருதைனா இரண்டு திரைகளையும் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "என் கவிதை வேண்டாம். ரெண்டுலயும் மாதுளைவிதையோடதைத் திற."

"பைத்தியமா உனக்கு? ஒரே படம்தான் அனுப்பலாம்!"

"தெரியும். என்னோடது இன்னும் போட்டிப் பக்கத்துல இருக்கு. சொன்னா தெறந்து பாப்பாங்க. இது மூலையில கெடக்கு. நடுவருங்க அங்க போகவே மாட்டாங்க. படம் வெச்சாத்தான் கண்ணுல படும்."

"பாக்கலேன்னா? ஞாயித்துக்கெழம பள்ளிக்கூடம் முழுக்க..."

"எனக்கு பயமாத்தான் இருக்கு. சும்மா சும்மா சொல்லாதே. படத்தை எடு!"

அவன் எடுத்தான். ருதைனா எழுதினாள்.

'மைஸ் அக்காவுக்கு. படத்தில் இருப்பது ஒரே கவிதைதான். கணினியில் ஒரு மாதிரி, போனில் ஒரு மாதிரி தெரிகிறது. போனில் மட்டும் படித்துவிட்டு நான் இந்தக் கவிதையைக் கிண்டல் செய்தேன். எழுதியவர் விலகிவிட்டார். தப்பு என்னுடையது. என் கவிதைக்கும் இதேதான் நடந்திருக்கிறது. தயவுசெய்து கணினியில் திறந்து பாருங்கள். எனக்கு உங்கள்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. ருதைனா, போர்ட் ஃபுவாத்.'

"கடைசி வரி தேவையா?" என்றான் ஷாதி.

"உண்மைதானே?"

சூரியன் மறைந்ததும் கேட்கும் தொழுகை அழைப்புக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மனு போய்ச் சேர்ந்தது.

பதில் சனிக்கிழமை மதியம் வந்தது.

'ருதைனா, பேருந்தில் போகும்போது போனில் படித்தேன். குழப்பமாக இருந்தபோதே உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் முத்திரை குத்திவிட்டேன். என்னை மன்னித்துவிடு. முத்திரையை எடுத்துவிட்டோம். இதே மாதிரி இன்னும் நான்கு கவிதைகள் பிளந்து கிடந்ததைக் கண்டுபிடித்தோம். நடுவர்கள் எல்லாரும் முதலிலிருந்து கணினியில் படிக்கப் போகிறோம். புதிய முடிவு புதன்கிழமை. ஆனால் மாதுளைவிதை சம்மதிக்காமல் அந்தக் கவிதையைத் திரும்பச் சேர்க்க முடியாது. அதை நீதான் கேட்க வேண்டும். நீ கோபப்பட்டது நியாயம்தான். மைஸ்.'

ருதைனா தன் கவிதையின் பக்கத்தைத் திறந்தாள். சாம்பல் முத்திரை இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. ஒரு பெரிய மூச்சு விட்டாள்.

அடுத்த கடிதம் மனுவைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆறு தடவை எழுதி அழித்தாள். ஏழாவது தடவை இவ்வளவுதான் எழுதினாள்: 'உன் கவிதையை நான் தப்பாகப் படித்தேன். அதைவிடத் தப்பாகப் பேசினேன். மன்னித்துக்கொள். இப்போது சரியாகப் படித்துவிட்டேன். உன் குரல் மட்டும் திரும்பி வருகிற அந்த வரியை என்னால் மறக்க முடியவில்லை. திரும்பப் போட்டிக்கு வருவாயா?'

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது.

'நீங்கதான் அந்த சும்மா இருக்கலாமே அக்காவா? நான் ரெண்டு நாள் அழுதேன். உங்க மேல எனக்குக் கோபம். வரேன். ஆனா உங்க கவிதைக்கு நான் கருத்து எழுதுவேன்.'

"எழுது, எழுது" என்று ருதைனா சிரித்துக்கொண்டே பதில் போட்டாள். அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தாள்.

வந்தது.

'உங்க கவிதையைக் கணினியில படிச்சேன். கடல்புறா பதில் சொல்றது ரொம்பப் பிடிச்சது. நாலாவது வரி நல்லா இல்ல. காத்துகிட்ட வீடு எங்கேன்னு கேக்கறீங்க. அது எல்லா இடமும் என் வீடுன்னு சொல்லுது. அது எல்லாரும் சொல்றதுதானே?'

ருதைனாவின் கை மேசைக்கு மேலே உயர்ந்தது. அம்மா ஊறுகாய்க் கிண்ணத்தைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"ஒன்பது வயசு! மூக்கு ஒழுகற வயசு! எனக்கு வந்து சொல்லுது!"

நாலாவது வரியை மறுபடி படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். உயர்ந்த கை மெல்ல இறங்கிப் பென்சிலைத் தேடியது.

"என்ன, குத்து விழலையே?" என்றான் ஷாதி.

"கோபமாத்தான் இருக்கேன்" என்றாள் ருதைனா, காகிதத்திலிருந்து தலை தூக்காமல். "அது சொல்றது சரியா இருக்கேன்னு கோபம்."

ஞாயிற்றுக்கிழமை காலை கொடி ஏறியது. ஒலிபெருக்கி கரகரத்து அடங்கியது. ஆசிரியை ருதைனாவை அழைத்து, ஒலிவாங்கியை அவள் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார்.

"என் கவிதை" என்று தொடங்கினாள் ருதைனா. "இதில் ஆறு வரிகள்தான் இருக்கும். நாலாவது வரி இன்னும் தயாராகவில்லை."