குடிக்காதவன் வாயில் பிராந்தி!

பிணத்தின் சட்டைப்பையில் போன் அடித்தது!

குற்றாலம். ஐந்தருவிக்குப் போகும் சாலையோரப் புதர். இருபத்திரண்டு வயது மணிகண்டபிரபு வாயைப் பிளந்து கிடந்தான். பிராந்தியும் வாந்தியும் கலந்த நாற்றம்.

இன்ஸ்பெக்டர் உச்சிமாகாளி மூக்கைப் பொத்திக்கொண்டு போனை எடுத்தார்.

"ஏலே, எங்கன கெடக்க?"

அக்கா இசக்கிசெல்வி. விஷயத்தைச் சொன்னார். அலறினாள்!

"குடிச்சா செத்தான்? பொய்! தம்பி குடிய விட்டு மூணு மாசமாவுது சார்! குடிகாரன்னு எழுதிராதீய!"

தென்காசி. மணிகண்டபிரபு பெயர் கொடுத்திருந்த, டாக்டர் தில்லைநாயகத்தின் ஆராய்ச்சி மையம். கால்மணி நேர அறிவுரையால் இளவட்டங்களின் குடி குறையுமா என்று ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு அறிவுரை உண்டு. மீதிப் பேருக்குக் கிடையாது. பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டியது.

"மணிகண்டபிரபு அறிவுரை கெடைக்காத குழு சார். கெடைச்சிருந்தா பொழச்சிருப்பான்!" டாக்டர் உச்சுக் கொட்டினார்.

வெளியே வந்த இன்ஸ்பெக்டரை சஃப்ரின் மறித்தாள். இதே ஆராய்ச்சி நடக்கும் பத்து ஊர்க் கணக்கையும் ஒன்றாகச் சேர்ப்பவள்.

"சார், அறிவுரை கேட்டவங்க எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான். கேக்காதவங்க தென்காசில மட்டும் ரெண்டு மடங்கு குடிக்காங்க!"

"அறிவுரை இல்லல்லா? குடிக்கத்தான செய்வான்?"

"பழைய அளவு குடிக்கலாம். எப்படிக் கூடுச்சு? யாரோ ஊத்திக் குடுக்காங்க சார்!"

அதே குழுவில் இருந்த ஜெனோவைப் பிடித்து உலுக்கினார் உச்சிமாகாளி.

"டாக்டர்தான் ஓசில பாட்டில் குடுக்காரு சார்..."

சீ! ஒரு குழு தேறியதாகக் காட்ட இன்னொரு குழுவைக் கெடுப்பதா? நரகல்கூட இப்படி நாறாது!

மறுபடி டாக்டரின் அறை.

"கட்டைவிரல்ல என்னவே கட்டு?"

பிய்த்தார்.

பல் தடம்!

டாக்டருக்கு வேர்த்துக் கொட்டியது.

"அவன் தானா திருந்திட்டான் சார்... அவனப் பாத்து மத்தவனும் விட ஆரம்பிச்சான். ரெண்டு குழுவும் ஒண்ணுபோல இருந்தா என் அறிவுரைக்கு என்ன மதிப்பு? திட்டத்தையே மூடிருவாங்க! மத்தவனெல்லாம் ஓசி பாட்டிலுக்கு மசிஞ்சிட்டான், இவன் மட்டும் தொடல... டிரைவர் பிடிச்சுக்கிட்டான்... ஒரு வாய்தான் ஊத்துனேன்... மூச்சடைச்சிட்டு..."

உச்சிமாகாளி காறித் துப்பினார். இசக்கிசெல்வியை அழைத்தார்.

"ஒன் தம்பி குடிச்சுச் சாவலம்மா. குடிக்கமாட்டேன்னு சொல்லிச் செத்திருக்கான்."

மறுமுனையில் விம்மல்.

"சார்... நான் ஜென்மத்துல ஒரு சொட்டு தொட்டதில்ல!" டாக்டர் கெஞ்சினார்.

"தொட்டிருந்தா போதைல செஞ்சிட்டேன்னு கோர்ட்டுல அழவாவது செய்யலாம். அதுக்கும் வழியில்லாம போச்சே... ஏறும்வே வண்டில!"