குழியின் இடது பாதி

"ஐயோ... அந்தத் தண்ணியில கலக்காதீங்க!"

மழைக்கு ஒதுங்க வந்தவள் பேசிய முதல் வார்த்தையே அதட்டல். ஸ்கூட்டர் பாதி வழியில் நின்றுவிட, நனைந்து நடுங்கியபடி அந்த மாட்டுப் பண்ணையின் கொட்டகைக்குள் ஓடி வந்திருந்தாள். உள்ளே ஒரு வாளி வெந்நீர், ஆவி பறந்தது. அதில் ஒரு பொட்டலத்தைக் கவிழ்க்கப் போனவன் நிமிர்ந்தான்.

"யாருங்க நீங்க?"

"தீவன ஆய்வுக்கூடத்துல வேலை பார்க்கறேன். அந்தப் பொடியில இருக்கறது உயிருள்ள பாக்டீரியா. சாதாரணக் கிணத்துத் தண்ணி போதும்."

"நல்லா கரையட்டுமேன்னு சுட வச்சேன்..."

"நல்லா கரையும்... நல்லா சாகும்!"

அவன் சிரித்துவிட்டான். மழைத்துளி தொங்கும் இமைகளுக்குள் இத்தனை கோபமா என்று பார்த்தான்... பார்த்துக்கொண்டே நின்றான். முதலில் தலை குனிந்தது அவள்தான்.

போன வருடம் பச்சை மக்காச்சோளத்தை நறுக்கி, குழியில் மிதித்து அடைத்து, காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைத்திருந்தார்கள். திறந்த சில நாளிலேயே சூடேறிப் பூஞ்சை பிடித்தது. அதைத் தின்ற மூன்று பசுக்கள் செத்துப்போயின. இந்தத் தடவை பாக்டீரியா தெளித்தால் சீக்கிரம் புளிக்கும், திறந்த பிறகும் கெடாது என்று அவன் எங்கோ கேட்டு வாங்கி வந்திருந்தான்.

அவனுடைய அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"கிருமியைத் தேடிப் பிடிச்சு மாட்டுக்கு வைக்கணுமா?"

"பாலைத் தயிராக்கற கிருமிக்குச் சொந்தக்காரங்கதான் ஐயா இதுங்க" என்றாள் அவள்.

பெரியவர் முறைத்தார். கடைசியில், குழியின் இடது பாதிக்கு மட்டும் தெளிப்பது, வலது பாதி அவர் வழக்கப்படி என்று முடிவானது.

அதன் பிறகு வாரம் இரண்டு முறை வந்தாள். குழியை மூடிய தார்ப்பாயை எலி கடித்திருக்கிறதா என்று பார்க்கவாம்!

"ஓட்டையே இல்லாத தார்ப்பாயை இப்படிப் பார்க்கறீங்களே, கிருமி மேடம்?"

"ஓட்டை விழுந்தப்புறம் பார்த்து என்ன பண்றது?"

"அப்போ நாளைக்கும் பார்க்கணுமே..."

மறுநாளும் வந்தாள்.

மூன்றாவது வாரம் பெரியவர் வழி மறித்தார். "எம் மகனைப் பிடிக்கத்தான் இந்தக் கிருமிக் கதையா? இனிமே இந்தப் பக்கம் வராதே."

அவளுக்காக அவன் அப்பாவிடம் குரலை உயர்த்தினான். வாழ்க்கையில் முதல் தடவை. அன்றோடு அப்பாவும் மகனும் பேச்சை நிறுத்தினார்கள். அவளோ, அவமானத்தில் அவன் போனைக்கூட எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவோம் என்ற பயமும்தான்...

நான்கு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை, பால் கறந்துகொண்டிருந்த பெரியவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு.

ஒரு வாரம் பொறுத்து அவள் வந்தபோது, திறந்து நாலு நாளான குழியின் முன்னால் அவன் தனியாக நின்றிருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது.

"கை வச்சுப் பாருங்க" என்றான். வலது பாதி கொதித்தது. இடது பாதி சில்லென்று, இதமான புளிப்பு வாசனையோடு இருந்தது.

"அப்பாகிட்ட இதைக் காட்டணும்னு இருந்தேன். கடைசிவரைக்கும் ஒரு வார்த்தை பேசாமலே போயிட்டாரு..."

சொல்லாமல் திரும்பிப் போய்விடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. போக முடியவில்லை.

"உங்க அப்பா ஆய்வுக்கூடத்துக்கு வந்தாரு."

அவன் திரும்பினான்.

"அவர் போன அதே வாரம், திங்கட்கிழமை. குழியோட ரெண்டு பக்கத்துலயும் கம்பி விட்டுக் கொஞ்சம் தீவனம் எடுத்து, தார்ப்பாய் ஓட்டையை ஒட்டிட்டு வந்திருந்தாரு. இடது பக்கம் நல்லதுன்னு வந்தா உங்ககிட்ட பேசிடறேன்னு சொன்னாரு. ரிசல்ட் வந்ததும் போன் பண்ணச் சொன்னாரு."

"அப்புறம்?"

"வியாழக்கிழமை சாயங்காலமே வந்துடுச்சு. என்னை அப்படிப் பேசினவர் ஒரு நாள் காத்திருக்கட்டுமேன்னு... டிராயர்ல போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

தீவனத்துக்கு மாடுகள் கத்தின. அவன் அசையவில்லை.

"அன்னைக்கே போன் பண்ணியிருந்தா... எங்கிட்ட பேசியிருப்பாரு, இல்ல?"

"ஆமா."

"இதை ஏன் எங்கிட்ட சொன்னீங்க? சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே."

"உங்களைப் பிடிச்சிருக்கு" என்றாள். குரல் உடைந்தது. "ரொம்பப் பிடிச்சிருக்கு. இதை மறைச்சுக்கிட்டு உங்க பக்கத்துல என்னால நிக்க முடியாது. நீங்க என்னை வெறுத்தாலும்... சரி."

இடது பாதியில் மறுபடி கை வைத்தபடி அவன் கேட்டான். "அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே சொல்லுங்க."

"'எம் புள்ள சொன்னது சரின்னு நானே அவன்கிட்ட போய்ச் சொல்லணும்மா'ன்னு சொன்னாரு."

அவன் சுருட்டி வைத்த தார்ப்பாயின் மேல் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். இடுகாட்டில்கூட அழாதவன். அவள் தொடவில்லை. தொட உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் எதிரில் நின்றாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. ஆனா இன்னைக்கு உங்க முகத்தைப் பார்த்தா அந்த வியாழக்கிழமைதான் தெரியுது... கொஞ்ச நாள் ஆகட்டும்."

"எவ்வளவு நாள்?"

"தெரியலையே..."

இடது பாதியிலிருந்து கூடையை நிரப்பித் தோளில் ஏற்றினான். நாலடி நடந்து நின்றான்.

"வராம மட்டும் இருந்துடாதீங்க" என்றான், திரும்பாமலே.