இன்னும் கிட்ட

சாமி மேடையின் சிவப்பு பல்பு பியூஸ் போயிருந்தது. எதிர்ச் சுவரில் விழுந்த அதன் சிவப்புப் புள்ளி மட்டும் அணையவில்லை.

சபாபதி பல்பைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. புள்ளி இமைத்தது.

எல்லாம் பக்கத்து வீட்டு சுகுமாறனால் வந்தது. அவன் தொலைநோக்கி வாங்கிய நாள் முதல் சபாபதியின் வயிறு எரிந்த எரிச்சலில் கிள்ளான் ஊர் முழுவதற்கும் ரொட்டி சானாய் சுட்டுப் போட்டிருக்கலாம். பொழுது சாய்ந்தால் போதும், மனைவி வள்ளியம்மா கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டு அவன் வாசல் போர்ச்சுக்குப் போய்விடுவாள். இவர் எத்தனை கதை அளந்தாலும் விரியாத கண்கள், அங்கே தாம்பாளமாக விரியும்.

நேற்றும் அப்படித்தான்.

"ஆல்பா சென்டாரி நட்சத்திரம், அக்கா. வெறுங்கண்ணுக்கு ஒண்ணு, இதுல ரெண்டு. சூரியன விட்டா நமக்கு அடுத்த வீடு இதான். மூணாவது ஒண்ணு இருக்கு, சிவப்பு, இன்னும் கிட்ட. ஆனா இந்த டெலஸ்கோப்ல தெரியாது லா."

சபாபதி தொலைநோக்கியில் குனிந்தார். இரண்டு மஞ்சள் புள்ளிகள். கண்ணாடி ஓரத்தில் தம் வீட்டுச் சாமி பல்பின் சிவப்பு மினுங்கல். தெரிந்தேதான் சொன்னார்:

"எனக்குத் தெரியுதே! குங்குமம் வெச்ச மாதிரி. அட, நம்மளத்தான் பாக்குது!"

"உங்களுக்கா?" வள்ளியம்மாவின் கண்கள் அவர் பக்கம் விரிந்தன. சுகுமாறன் தேடித் தேடி வியர்த்தான். ஆகா!

இப்போது பள்ளிவாசலின் மக்ரிப் பாங்கு ஓய்ந்த அந்தியில், கால்வாயின் ஈர வாடைக்கும் சாம்பிராணிப் புகைக்கும் நடுவே, காய்ந்த இரும்பின் நெடி ஒன்று கூடத்தில் மெல்லப் பரவ, புள்ளி சுவரிலிருந்து வழிந்து நாற்காலிக்கு வந்தது. நாற்காலியிலிருந்து தரைக்கு. அவர் காலடிக்கு.

விளக்கைப் போட்டார். இருந்தது.

கண்ணை மூடித் திறந்தார். இல்லை.

முதுகில் அனல்.

வாசல் கிரில் கிரீச்சிட்டது. கொய்யாத் தட்டும் கையுமாக வள்ளியம்மா.

"தம்பி இன்னிக்கும் தேடுறாரு, கிடைக்கலையாம். இப்ப எங்கங்க இருக்கு அது?"

பொய் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அந்தக் கண்கள் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

"இன்னும் கிட்ட வந்திருக்கு," என்றார்.

அவள் நிமிர்ந்தாள். கண்கள் விரிந்தன. சுகுமாறனுக்கும் விரியாத அளவுக்கு. அந்தக் கருமணிகளில் சபாபதி தம்மைப் பார்த்தார், சின்னதாக. பின்னால், கூரை இடித்ததால் கழுத்தை மடித்துக் குனிந்த ஒன்று. அதன் நெற்றியில் சிவப்பு.

"ஆமா," என்றாள் வள்ளியம்மா சொக்கிப்போய், அவர் தோளுக்கு மேலே பார்த்தபடி. கொய்யாத் தட்டை அதனிடம் நீட்டினாள்.